இருபது பவுண்டு நெருப்பு

2021 நவம்பரிலிருந்து அடுத்த மார்ச் வரை நானும் மனைவியும் 24 அடி நீளமுள்ள ஒரு பழைய டிரெய்லரில் குடியிருந்தோம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று அலுவலகம் சொல்லியிருந்தது; வீடு எங்கே இருக்கவேண்டும் என்று சொல்லவில்லை. கலிபோர்னியா வாடகை ஐந்து மாதம் மிச்சம், கொஞ்சம் ஊர் பார்த்த மாதிரியும் ஆகும் என்று ஒரு கணக்கு. அந்த நாட்களைப் பற்றி நண்பர்கள் கேட்பதெல்லாம் கிராண்ட் கேன்யனில் பனி பெய்ததா, இன்டர்நெட் ஒழுங்காக வந்ததா, டாய்லெட் தொட்டியை யார் காலி செய்வது என்பதுதான். நாங்கள் இருவரும் அங்கே அதிகம் பேசிக்கொண்டது வேறு விஷயம். இன்றைக்கு ராத்திரி கரண்டா, கேஸா?

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். ஆர்வி என்பது சக்கரம் வைத்த வீடு. தானே ஓடினால் மோட்டார்ஹோம். பிக்கப் வண்டியின் பின்னால் கட்டி இழுத்தால் டிரெய்லர். அடுப்பு, ஃபிரிட்ஜ், கட்டில், குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும். சுவர் என்று சொல்லிக்கொள்வதுதான் சுவர் இல்லை. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே இரண்டு அங்குலத்துக்குப் பஞ்சோ நுரையோ அடைத்திருப்பார்கள், அவ்வளவுதான். எங்கள் டிரெய்லரில் நான் அளந்து பார்த்தவரை, உள்ளுக்கும் வெளிக்கும் ஒவ்வொரு டிகிரி வித்தியாசத்துக்கும் நூறு வாட்டுக்குக் கொஞ்சம் மேலே வெப்பம் கசிந்தது. வெளியே மைனஸ் 8, உள்ளே 18 வேண்டும் என்றால் வித்தியாசம் 26 டிகிரி. அதாவது ஏறக்குறைய மூன்று கிலோவாட் அளவுக்கு விடிய விடிய எதையாவது எரித்துக்கொண்டே இருக்கவேண்டும். ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற வேலை.

மைனஸ் 8 என்பது உதாரணத்துக்குச் சொன்ன எண் அல்ல. நாங்கள் முதலில் போய் இறங்கிய ஃபிளாக்ஸ்டாஃபில் நடுக்குளிர்கால இரவுகள் சராசரியாக அப்படித்தான் இருக்கும். அரிசோனா என்றால் பாலைவனம் என்றுதான் நமக்கு மனதில் பதிந்திருக்கிறது. ஃபிளாக்ஸ்டாஃப் 2100 மீட்டர் உயரத்தில் பைன் காட்டுக்கு நடுவே இருக்கிற ஊர். உயரத்தில் ஊட்டிக்குத் தம்பி, குளிரில் அண்ணன். ஊருக்கு வெளியே ஒரு ஆர்வி பார்க்கில் மாத வாடகைக்கு இடம் பிடித்தோம். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு சாக்கடை வாய், கம்பத்தில் மாட்டிய ஒரு கரண்ட் பெட்டி.

டிரெய்லரோடு பிறந்தது புரொப்பேன் ஃபர்னஸ். முன்பக்கத்தில் இரண்டு சிலிண்டர்கள், ஒவ்வொன்றிலும் 20 பவுண்டு, நம் கணக்கில் 9 கிலோ. தெர்மோஸ்டாட் கேட்டதும் முதலில் ஃபேன் சுற்றும். சில நொடி கழித்து டிக் டிக் என்று பொறி, பிறகு புஸ் என்று தீ பிடிக்கும் சத்தம். தீ இரும்பு அறைக்குள்ளேயே எரிந்து, புகை தனிக் குழாய் வழியாக வெளியே போய்விடும். அறையின் வெளிப்பக்கத்தைத் தடவிச் சூடான காற்று மட்டும் வீட்டுக்குள் வரும். எங்களுடையது 30,000 பி.டி.யு., கிலோவாட்டில் சொன்னால் 8.8. அதில் நாலில் ஒரு பங்கு புகையோடு போய்விடுகிறது என்று வைத்துக்கொண்டாலும் ஆறரைக் கிலோவாட் கையில் நிற்கும். குளிரில் உறைந்துபோய் உள்ளே வந்தால் பத்து நிமிடத்தில் சட்டையைக் கழற்றத் தோன்றும். ஆனால் சத்தம்! கட்டிலுக்கு மூன்றடி தள்ளி மாவு மில் ஓடுகிற மாதிரி இருக்கும். ராத்திரி ஜூமில் மீட்டிங் இருந்தால் நான் அதை அணைத்துவிட்டுக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு பேசுவேன்.

இன்னொன்று, கடையில் வாங்குகிற கரண்ட் ஹீட்டர். இதில் ஆயிரம் ரகம். செராமிக், எண்ணெய் நிரப்பியது, இன்ஃப்ராரெட், மரப்பெட்டிக்குள் பொய்த்தீ எரிகிற மாதிரி விளக்குப் போட்டது. 30 டாலரிலிருந்து 300 டாலர் வரை விலை. எல்லாமே 1500 வாட்தான், எல்லாமே தருவது ஒரே வெப்பம்தான். ஓம் விதிக்கு மரப்பெட்டி தெரியாது. 300 டாலர் கொடுத்தவர்களிடம் இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், யாரும் ரசிக்கவில்லை. எங்கள் கம்பத்தில் வந்தது 30 ஆம்பியர், 120 வோல்ட், ஆக மொத்தம் 3600 வாட். இரண்டு ஹீட்டரை ஓட்டினால் 3000 போய்விடும். அதற்குமேல் யாராவது மைக்ரோவேவில் பால் வைத்தால் பிரேக்கர் விழுந்து வீடே இருட்டாகும். யார் பால் வைக்கிறார்களோ அவர்கள் முதலில் "ஹீட்டர்!" என்று கத்தவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டமாக இருந்தது.

எது மலிவு என்று கேட்டால் அதற்கு ஒரு சுருக்கமான கணக்கு உண்டு. ஒரு கேலன் புரொப்பேனில் 91,500 பி.டி.யு. வெப்பம் இருக்கிறது. ஃபர்னஸ் புகையோடு விடுவதைக் கழித்தால் கிட்டத்தட்ட 20 யூனிட் கரண்டுக்குச் சமம். எனவே உங்கள் ஊரில் ஒரு யூனிட் என்ன விலையோ அதை இருபதால் பெருக்குங்கள். யூனிட் 15 செண்ட் என்றால் 3 டாலர். கேலன் புரொப்பேன் 3 டாலருக்குக் கீழே கிடைத்தால் கேஸ், மேலே போனால் கரண்ட். இந்த விஷயத்தில் பொறியியல் படித்தவன் செய்யவேண்டிய வேலை இவ்வளவுதான், இரண்டே வரி. ஆனால் அந்தப் பார்க்கில் இருந்த யாரும் இப்படிக் கணக்குப் போட்டு முடிவெடுக்கவில்லை. எடுக்கவும் முடியாது. ஏனென்றால் கரண்டின் விலை நீங்கள் யார் என்பதைப் பொறுத்து மாறும்.

ஒரு வாரத்துக்கு வந்து தங்குகிற சுற்றுலாக்காரருக்குக் கரண்ட் இனாம். நாள் வாடகையிலேயே அது அடக்கம். அவர் கேஸைத் தொடமாட்டார். ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு மூன்று ஹீட்டர் ஓட்டிய ஒரு மகராசனைப் பார்த்தேன். மாத வாடகைக்கு இருக்கிறவர்களுக்குத் தனி மீட்டர் உண்டு, மாதக் கடைசியில் பார்க் ஆபீசில் இருந்து சீட்டு வரும். எங்களைப் போன்றவர்கள் அந்தச் சீட்டைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுக் கட்டிவிடுவோம். எதிர் வரிசையில் வருடக்கணக்காக இருப்பவர்களுக்கு அந்தச் சீட்டுதான் மாதத்தின் பெரிய கவலை. டிசம்பரில் அது இடவாடகையையே எட்டிப்பிடித்துவிடும் என்றார்கள்.

எங்களுக்கு அடுத்த இடத்தில் இருந்தவர் ஓய்வுபெற்ற லாரி டிரைவர். எழுபதை நெருங்கியவர். அந்தப் பார்க்கில் அவருக்கு அது மூன்றாவது குளிர்காலம். கேஸ் பக்கமே போகமாட்டார். அதற்கு விலை காரணம் இல்லை, முதுகுவலி. நிரம்பிய 20 பவுண்டு சிலிண்டர் இரும்போடு சேர்த்து 17 கிலோ இருக்கும். மைனஸ் 8-ல் அவர் டிரெய்லர் அளவுக்கு ஒரு சிலிண்டர் இரண்டு, இரண்டரை நாள் வரும். வாரத்துக்கு மூன்று முறை அதைக் கழற்றி, பனியில் வழுக்காமல் வண்டியில் ஏற்றி, நிரப்பிக்கொண்டு வந்து திரும்ப மாட்டவேண்டும். "பில் வந்தா ஒரு நாள்தான் வலிக்கும், சிலிண்டர் தூக்கினா மாசம் முழுக்க வலிக்கும்" என்பார்.

டிசம்பர் நடுவில் ஒரு காலை அவர் வீட்டில் தண்ணீர் வரவில்லை. உள்ளே 20 டிகிரிக்கு இதமாக இருந்தது. தரைக்குக் கீழே குழாய் உறைந்துவிட்டது. இது ஆர்விக்காரர்கள் பலருக்குப் பட்டபிறகே தெரிகிற சங்கதி. ஃபர்னஸின் சூடான காற்று தரைக்கு அடியில் பதித்த குழாய்கள் வழியாகத்தான் ஒவ்வொரு அறைக்கும் போகிறது. போகிற வழியில் கசிகிற சூட்டில்தான் தண்ணீர்த் தொட்டியும் குழாய்களும் உறையாமல் தப்பிக்கின்றன. கரண்ட் ஹீட்டர் மனிதர்களை மட்டும்தான் சூடாக்கும். தெர்மோஸ்டாட்டும் மனிதர்கள் பக்கம்தான் இருக்கிறது. வீடு சூடாகத்தானே இருக்கிறது என்று ஃபர்னஸைக் கூப்பிடாது. அன்று மதியம்வரை நானும் அவரும் ஹேர் டிரையரை வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்துக் குழாயைச் சூடாக்கினோம். குழாய் வெடிக்கவில்லை, அந்த அளவுக்கு அதிர்ஷ்டம்.

வெளியே வந்து உடையைத் தட்டிக்கொண்டிருந்தபோது அவர் வீட்டு ஹீட்டரின் பிளக்கைப் பார்த்தேன். ஒரு கால் பழுப்பேறி, சுற்றியிருந்த பிளாஸ்டிக் லேசாக வளைந்திருந்தது. பல ஆர்விகளில் சாக்கெட்டுக்குள் ஒயரைத் திருகாணி வைத்து முடுக்கியிருக்க மாட்டார்கள். தகட்டு இடுக்கில் அழுத்திச் செருகி மூடிவிடுவார்கள், தொழிற்சாலையில் நேரம் மிச்சமாம். 1500 வாட் ஹீட்டர் இழுப்பது பன்னிரண்டரை ஆம்பியர். அந்த இடுக்கு கொஞ்சம் தளர்ந்து 0.1 ஓம் தடை வந்துவிட்டது என்று வையுங்கள். பன்னிரண்டரையை வர்க்கமாக்கி 0.1-ஆல் பெருக்கினால் 15 வாட்டுக்கு மேல் வருகிறது. கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக்குக்குள் ஒரு சின்ன சால்டரிங் அயர்ன் ராத்திரி முழுக்கச் சூடாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பிரேக்கருக்கு இது தெரியவே தெரியாது. அதைப் பொறுத்தவரை ஆம்பியர் அளவோடுதான் போய்க்கொண்டிருக்கிறது. பெரியவரிடம் சொன்னேன். "தெரியும், தொட்டுப் பார்த்துக்கிட்டே இருப்பேன்" என்றார். தூங்கும்போது யார் தொட்டுப் பார்ப்பது என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. சாக்கெட்டை மாற்றிக் கொடுத்தேன். கம்பத்திலிருந்து நேராகத் தடித்த ஒயரில் ஹீட்டருக்கென்று தனி இணைப்பு எடுக்கலாம் என்ற யோசனையைப் பார்க் ஆபீஸ் ஏற்கவில்லை.

பழைய பார்க்குகளில் இன்னொரு கூத்தும் உண்டு. சாயங்காலம் ஆறு மணிக்கு எல்லோரும் ஹீட்டரைப் போடுவார்கள். நிலத்தடி ஒயர் எப்போதோ பதித்தது, இத்தனை சுமையை எதிர்பார்த்தது அல்ல. 120 வோல்ட் வரவேண்டிய இடத்தில் 108 வரும். பத்து சதம்தானே குறைகிறது என்று விட்டுவிட முடியாது. ஹீட்டரின் வெப்பம் வோல்டேஜின் வர்க்கத்தோடு போகிறது. 1500 வாட் 1215 ஆகிவிடும். குளிர் ஏற ஏற ஹீட்டருக்குத் தெம்பு குறையும். எங்கள் தெருவில் கோடைகாலத்தில் எல்லா வீட்டிலும் மிக்ஸியும் கிரைண்டரும் மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓட, டியூப்லைட் கண் சிமிட்டும் லோ வோல்டேஜ் சாயங்காலங்கள் எனக்கு நினைவு வந்தன. அமெரிக்காவில் அதைப் பார்ப்பேன் என்று நினைத்ததில்லை.

இத்தனையும் யோசித்து நாங்கள் கலந்து ஓட்டினோம். பகலிலும் முன்னிரவிலும் ஒரு கரண்ட் ஹீட்டர், படுக்கும்போது ஃபர்னஸ். இந்த ஏற்பாடு அம்மாவுக்குத் தெரிந்த அன்று ஈரோட்டிலிருந்து போன் வந்தது.

"ஏங்கண்ணு, கேஸைத் தொறந்து வெச்சுட்டா தூங்கறீங்க?"

"பொகையெல்லாம் தனியா வெளிய போயிரும்மா."

"பொகை போயிரும். கேஸு?"

எங்கள் வீட்டில் கடைசியாகப் படுக்கப்போகிறவர் சமையலறைக்குள் போய் ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் விளக்கை அணைக்கவேண்டும். பாதித் தூக்கத்தில் அப்பா எழுந்து போய்ச் சரிபார்த்துவிட்டு வருவதைப் பார்த்தே வளர்ந்தவன் நான். கேஸ் என்றால் வேலை முடிந்ததும் மூடவேண்டியது. நாம் தூங்குகிறபோது அது விழித்திருக்கக் கூடாது. இங்கே அதே கேஸ் நாங்கள் தூங்குகிற நேரத்தில்தான் வேலை பார்த்தது. அம்மாவுக்குச் சமாதானமாக, தரையோரம் மாட்டியிருந்த கேஸ் அலாரத்தை வீடியோ காலில் அமுக்கிக் கத்தவிட்டுக் காட்டினேன். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் தரையில்தான் தேங்கும், அதனால்தான் அலாரத்தை முழங்காலுக்குக் கீழே வைத்திருக்கிறார்கள் என்று விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி, எதுக்கும் ஜன்னல கொஞ்சம் தொறந்தே வெய்யி" என்றார்.

அம்மா சொன்னதில் அறிவியல் இருக்கிறது, ஆனால் ஃபர்னஸுக்கு அல்ல. ஆபத்து வேறொரு சாதனத்தில். புகைக்குழாயே இல்லாமல், சிறிய சிலிண்டரை மாட்டி அறைக்கு நடுவே வைத்து எரிக்கிற ஹீட்டர்கள் விற்கின்றன. ஃபேன் கிடையாது, பாட்டரி வேண்டாம், சத்தம் இல்லை. அதனால் நிறையப் பேர் விரும்புகிறார்கள். அதன் தீயிலிருந்து வருவதெல்லாம் நீங்கள் மூச்சுவிடும் அறைக்குள்தான் வரும். ஆக்சிஜன் குறைந்தால் தானே அணைகிற ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். இருந்தும், பூட்டிய சின்ன அறையில் அதை எரியவிட்டுத் தூங்கக் கூடாது. கொடைக்கானலிலும் ஊட்டியிலும் மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கியவர்கள் எழுந்திருக்கவில்லை என்ற செய்தியைக் குளிர்காலத்தில் நாம் படிப்போம். அதே கார்பன் மோனாக்சைடுதான், வாசனை இல்லாதது. கேஸ் நாறுவதுகூட நாமாகக் கலந்த எத்தில் மெர்காப்டான் என்ற பொருளால்தான். எரிந்துபோனதில் அந்த நாற்றமும் இருக்காது.

உயிருக்குப் பயம் இல்லாத இன்னொரு தொல்லை தண்ணீர். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வருகிறது. பத்தாம் வகுப்புச் சமன்பாட்டைப் போட்டாலே தெரியும். புகைக்குழாய் இருந்தால் அது வானத்துக்குப் போகும். இல்லையென்றால் ஜன்னலில் வழிந்து, மெத்தையின் அடியில் பூஞ்சையாகப் படரும். அந்தக் கறுப்புப் புள்ளிகளைப் பின்னால் வேறோர் இடத்தில் நிறையப் பார்த்தேன்.

நம் வீட்டு 14.2 கிலோ சிலிண்டரை ஃபிளாக்ஸ்டாஃபுக்குக் கொண்டுவந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்ததுண்டு. அதில் புரொப்பேனும் பியூட்டேனும் கலந்திருக்கும். பியூட்டேனின் கொதிநிலை பூஜ்யத்துக்கு அரை டிகிரி கீழே. மைனஸ் 8-ல் அது திரவமாகவே அடியில் தங்கிவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை கொதித்து ஆவியாகும். பெட்ரோலிலிருந்து ஆவியாகிப் போவதில் இந்தப் புரொப்பேன் இருப்பதை 1910 வாக்கில் அடையாளம் கண்டவர் அமெரிக்கச் சுரங்கத்துறையில் இருந்த வால்டர் ஸ்னெல்லிங் என்ற வேதியியலாளர். காருக்கு வாங்கிய பெட்ரோல் வீடு போய்ச் சேருவதற்குள் பாதி ஆவியாகிவிடுகிறது என்று ஒருவர் புகார் சொல்ல, ஆவியாவது என்ன என்று பார்க்கப்போய்க் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு.

ஜனவரியில் மலையிலிருந்து இறங்கி குவார்ட்ஸைட் போனோம். அரிசோனாவின் மேற்கு ஓரத்துப் பாலைவனத்தில் ஒரு சின்ன ஊர். குளிர்காலத்தில் மட்டும் அங்கே ஆர்விகள் ஆயிரக்கணக்கில் வந்து குவியும். மத்திய அரசின் நிலத்தில், செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க அப்போது 180 டாலர் சீட்டு. 'நோமேட்லேண்ட்' படம் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் ஞாபகம் இருக்கும். தண்ணீர்க் குழாய் வாசலில் கிடையாது, கரண்ட் கம்பமும் கிடையாது. கல்லும் கள்ளியும் வானமும்தான்.

கம்பம் இல்லை என்பதன் பொருள் அங்கே போனபிறகுதான் எனக்கு உறைத்தது. சோலார் தகடு, லித்தியம் பாட்டரி எல்லாம் வாங்கி வைத்திருக்கிறோமே, இரவில் 5 டிகிரிதானே, ஹீட்டரை அதில் ஓட்டலாமே என்று மனைவி கேட்டார். நியாயமான கேள்வி. 100 ஆம்பியர்-மணி லித்தியம் பாட்டரியில் இருப்பது ஒன்றேகால் யூனிட். 1500 வாட் ஹீட்டர் அதை ஒரு மணி நேரத்துக்குள் குடித்துவிடும். 20 பவுண்டு சிலிண்டரில் இருப்பது 126 யூனிட். அதாவது அந்த ஒரு சிலிண்டருக்குச் சமமாக நூறு பாட்டரி வேண்டும். ஒரு பாட்டரி பத்துப் பன்னிரண்டு கிலோ. ஒரு டன்னுக்கு மேல் பாட்டரியை ஏற்றினால் டிரெய்லர் அச்சு முறியும். இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி முடித்ததும் நாங்கள் இருவரும் வெளியே போய் அந்தச் சிலிண்டரைக் கொஞ்ச நேரம் மரியாதையோடு பார்த்தோம்.

ஆனால் கேஸும் முழுச் சுதந்திரம் தராது. ஃபர்னஸின் ஃபேனுக்கு 12 வோல்ட்டில் 8 ஆம்பியர் வேண்டும். பாட்டரி இறங்கினால் ஃபேன் நிற்கும், ஃபேன் நின்றால் தீ பிடிக்காது, சிலிண்டர் நிறையக் கேஸ் இருந்தாலும் விறைக்கவேண்டியதுதான். குவார்ட்ஸைட்டில் அதிகாலை நாலு மணிக்கு அங்கங்கே ஜெனரேட்டர் முக்கிக்கொண்டு கிளம்பும் சத்தம் அதனால்தான். வெப்பத்துக்காக அல்ல, வெப்பத்தை ஊதுவதற்காக. எங்களிடம் சோலார் இருந்ததால் தப்பித்தோம். பிற்பகலில் நிரம்பிய பாட்டரி விடிகாலையில் பாதிக்கு மேலேயே இருந்தது.

மார்ச்சில் மவுண்டன் வியூவுக்குத் திரும்பி ஒரு அபார்ட்மென்டில் குடியேறினோம். அங்கே சுவரில் ஒரு பொத்தான், அமுக்கினால் சூடு. இரண்டு வாரத்தில் எல்லாம் மறந்துவிட்டது. ஆனால் கண் மட்டும் பழகியிருந்தது. பல வருடமாக நான் ஆபீஸ் போகிற வழியில், கூகுள் தலைமையகம் இருக்கிற இதே ஊரில், பாலோ ஆல்டோ பக்கம் எல் கமீனோ சாலையிலும், வரிசையாகப் பழைய மோட்டார்ஹோம்கள் அப்போது நின்றன. வாடகை கொடுக்க முடியாதவர்கள் அதில் குடியிருக்கிறார்கள் என்று தெரியும். கட்டடவேலை செய்பவர்கள், சமையல்காரர்கள், வீடு துடைப்பவர்கள், வயதானவர்கள். முன்பெல்லாம் ஒரு வரிசையாகத்தான் அதைப் பார்த்தேன். இப்போது ஒவ்வொரு வண்டியிலும் புகைக்குழாய் எங்கே, அதைச் சுற்றிக் கரி படிந்திருக்கிறதா, கூரையில் சோலார் உண்டா, பின்புறம் ஜெனரேட்டர் கட்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஜன்னல் ஓரங்களில் அந்தக் கறுப்புப் பூஞ்சை.

2020 நவம்பர் தேர்தலில் மெஷர் சி என்ற தீர்மானம் இங்கே வாக்கெடுப்புக்கு வந்து ஜெயித்தது. அகலம் குறைந்த தெருக்களில் பெரிய வாகனங்களை நிறுத்தத் தடை. ஊரில் பெரும்பாலான தெருக்கள் அகலம் குறைந்தவைதான். வழக்கு நடந்து, சில தெருக்கள் மட்டும் மிஞ்சின. அந்தத் தெருக்களிலும் 72 மணி நேரத்துக்கு ஒருமுறை வண்டியை நகர்த்தவேண்டும், இல்லாவிட்டால் இழுத்துப் போய்விடலாம். தலைக்குமேல் கரண்ட் ஒயர் ஓடுகிறது, பக்கத்துக் கட்டடத்தில் சர்வர்கள் ஓடுகின்றன, கார்களுக்கு சார்ஜ் ஏற்றும் கம்பங்கள் வரிசையாக நிற்கின்றன. அவர்களுக்கு மட்டும் குவார்ட்ஸைட்.

அந்தக் கோடையில் டிரெய்லரை விற்றோம். வாங்கியவருக்கு வேண்டாத சாமான்கள் கொஞ்சம் மிஞ்சின: ஒரு 20 பவுண்டு சிலிண்டர், அதோடு போகிற நீண்ட ரப்பர் ஹோஸ், பித்தளை டீ இணைப்பு, கரண்ட் ஹீட்டர் இரண்டு. இலவசம் என்று அக்கம்பக்கத்தாருக்குத் தெரிவித்தேன். சாயங்காலமே ஒருவர் சைக்கிளில் வந்தார். பின்னால் குழந்தைகளை உட்காரவைத்து இழுக்கிற சின்ன வண்டி கட்டியிருந்தது. குவாத்தமாலாக்காரர், ஓர் உணவகத்தில் சமையல் வேலை. நாலு தெரு தள்ளி நிற்கிற மோட்டார்ஹோமில் மனைவி, மகளோடு இருப்பதாகச் சொன்னார்.

டீ இணைப்பைக் கையில் எடுத்ததும் அவர் முகம் மாறியதை வேறு யாராவது பார்த்திருந்தால் புரிந்திருக்காது. டிரெய்லரில் சிலிண்டரைக் கழற்றலாம். மோட்டார்ஹோமில் கேஸ் தொட்டி வண்டியின் அடிச்சட்டத்தோடு பொருத்தப்பட்டது, கழற்ற வராது. நிரப்பவேண்டும் என்றால் வண்டியையே ஓட்டிக்கொண்டு போகவேண்டும். "போனா, திரும்பி வர்றப்ப அந்த இடத்துல வேற வண்டி நிக்கும்" என்றார். அனுமதி உள்ள தெருக்கள் குறையக் குறைய இடம் கிடைப்பது பெரும்பாடு. 72 மணிக்கு ஒருமுறை நகர்த்துவதுகூட அடுத்தடுத்த வண்டிக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு, ஒருவர் இடத்துக்கு இன்னொருவர் என்று மாற்றிக்கொள்கிற வித்தைதானாம். போன குளிர்காலம் தொட்டி காலியானபிறகு டிசம்பரில் பதினைந்து நாள் கேஸ் இல்லாமல், அடுப்பும் இல்லாமல் இருந்திருக்கிறார்கள். மகளை மட்டும் தெரிந்தவர் வீட்டில் தூங்க அனுப்பினார்களாம். இந்த இணைப்பு இருந்தால் வெளியே ஒரு சிலிண்டரை வைத்து வண்டியோடு சேர்த்துவிடலாம். வண்டி நின்ற இடத்தில் நிற்க, சிலிண்டர் மட்டும் சைக்கிளில் போய் நிரப்பிக்கொண்டு வரும்.

சிலிண்டரின் கழுத்து வளையத்தில் அடித்திருந்த தேதியைப் போன் வெளிச்சத்தில் இருவரும் படித்தோம். தேதி தாண்டிய சிலிண்டரை எந்தக் கடையிலும் நிரப்பமாட்டார்கள். இன்னும் வருடங்கள் இருந்தன. ஹோஸில் சோப்பு நுரை தடவிக் கசிவு பார்க்கவேண்டும் என்று நான் ஆரம்பித்ததும் சிரித்துவிட்டார். அவர் பார்க்காத கேஸ் அடுப்பா? கார்பன் மோனாக்சைடு அலாரம் இருக்கிறதா என்று கேட்டேன். இருக்கிறது, பாட்டரி தீர்ந்து கிடக்கிறது என்றார். வீட்டுக்குள் போய் எங்கள் அலாரத்தையும் இரண்டு செட் பாட்டரியையும் எடுத்து வந்து கொடுத்தேன்.

ஹீட்டர்களையும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்றைத் தூக்கிப் பார்த்தார், நல்ல கனமான எண்ணெய் ஹீட்டர். பிளக்கைக் கையில் பிடித்து, அதன் மூன்று கால்களை ஒரு நிமிடம் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். இதை எங்க சொருகறது?"

கேலி எதுவும் இல்லை அதில், நிஜமாகவே யோசித்துத்தான் கேட்டார். அவர் வேலை செய்யும் உணவகத்தின் பின்சுவரில் ஒரு சாக்கெட் இருக்கிறதாம், ஆனால் அங்கே வண்டி நிறுத்தவிட மாட்டார்களாம். ஹீட்டரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, சிலிண்டரை இழுவண்டியில் படுக்காமல் நிமிர்த்தி நிறுத்தி, ரப்பர் ஹோஸையே கயிறாகச் சுற்றிக் கட்டினார்.

ஹீட்டர்கள் இரண்டையும் அடுத்த வாரம் ஒரு கல்லூரி மாணவி வந்து வாங்கிப்போனாள். அவள் தங்கியிருக்கிற அறையில் கரண்ட் வாடகையோடு சேர்ந்ததாம்.